கலெக்டர் படுத்துவிட்டார்

சாலை என்று பெயர் பெற்ற கடைத்தெருவில் ஒரு வண்டி நின்றுவிட்டால், அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல முதலில் சுமைதூக்குபவர்கள் வருவார்கள். பிறகு ஆட்டோக்காரர்கள். எல்லாரும் சொல்லி முடித்த பிறகு, தானிய குடோனின் மாடி ஜன்னலிலிருந்து ஞானசிகாமணி சொல்வார்.

"பிள்ளே, கீழே ஒரு வெள்ளை வேன் நிக்குது. சைடுல குதிரைப் படம். ஒண்ணு குதிரை டாக்டரு, இல்லேன்னா கல்யாணத்துக்குக் குதிரை விடுகிற ஆளு."

"டாக்டர்தான்," என்றாள் கலைச்செல்வி, செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல். "கல்யாணக்காரனா இருந்தா இதுக்குள்ள ஹாரன் அடிச்சே தெருவைக் காலி பண்ணியிருப்பான்."

கலைச்செல்வியின் துப்பறியும் நிலையத்துக்கு ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், ஒரு மின்விசிறி. மாப்பிள்ளை குடிக்கிறாரா என்று கேட்டுப் பெண் வீட்டாரும், பெண் போனில் யாரோடு மலையாளம் பேசுகிறாள் என்று கேட்டு மாப்பிள்ளை வீட்டாரும் அங்கே வருவார்கள். இரண்டு கூட்டமும் ஒரே நாளில் வந்து படிக்கட்டில் சந்தித்துக்கொண்டதும் உண்டு. ஞானசிகாமணி அவளுடைய உதவியாளர். பாறசாலைக்கும் கிழக்கேகோட்டைக்கும் இடையே பேருந்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள் உண்டு என்பது அவர் கொள்கை: டிக்கெட் எடுத்தவர்கள், எடுத்தேன் என்று சொல்பவர்கள்.

படியேறி வந்தவள் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். முப்பது வயது தாண்டியிருக்கும். உட்காரச் சொன்ன பிறகும் நின்றுகொண்டே பேசினாள்.

"எனக்க பேரு ரெம்யா. குதிரைக்கு வைத்தியம் பாக்கேன். ஆஸ்பத்திரியே வண்டிக்குள்ளதான். குதிரை எங்க நிக்குதோ அங்க நான் போவேன்."

"போனவுடனே, ஆம்பிளை டாக்டர் வரலியான்னு கேப்பாங்க," என்றாள் கலைச்செல்வி.

"எல்லா கேட்டுலயும்." ரெம்யா முதல் தடவையாகச் சிரித்தாள். "இந்த ஊர்ல குதிரை வச்சிருக்கிறவங்க கொஞ்சம் பேருதான். சவாரி சொல்லிக் குடுக்கிற ஸ்கூல், கடற்கரையில சுத்துறவங்க, கல்யாணக்காரங்க, பின்னே காசு எங்க வைக்கணும்னு தெரியாதவங்க. ஒரு கேட் அடைஞ்சா மத்த கேட்டெல்லாம் தானா அடையும். இப்போ ஒண்ணு அடைஞ்சிருக்கு."

"எது?"

"மகாராஜா அண்ணாச்சிக்கு உள்ளது. கரமனையில."

ஞானசிகாமணி தன் காலால் தரையைத் தட்டிக் காட்டினார். "கீழே இருக்கிற குடோன் அவருக்குள்ளது. இந்த மாடி அவருக்குள்ளது. நாங்க ரெண்டு பேரும் கிட்டத்தட்ட அவருக்குள்ளவங்க. சொல்லுங்க டாக்டரம்மா."

மகாராஜா என்பது பட்டமல்ல, அப்பா வைத்த பெயர். அரிசியும் பருப்பும் மொத்தமாக விற்பவர். மகனைக் கலெக்டர் ஆக்க எண்ணி டெல்லிக்குப் படிக்க அனுப்பினார். மகன் போன தேர்வுகளிலெல்லாம் தோற்று, கடைசியில் துபாயில் ஒரு கடைக்குப் போய்ச் சேர்ந்தான். வீட்டில் ஒரு கலெக்டர் இருந்தே ஆகவேண்டும் என்று உறவினரிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. மகாராஜா ஒரு வெள்ளைக் குதிரை வாங்கி அதற்கு அந்தப் பெயரை வைத்தார்.

"திங்கக்கிழமை போனேன்," என்றாள் ரெம்யா. "குதிரைக்குப் பல்லு வளந்துட்டே இருக்கும். ஓரம் கூர்மையாகி கன்னத்தைக் கிழிக்கும். அரத்தை வச்சு ராவி விட்டேன். பூச்சி மருந்து குடுத்தேன். எல்லா குதிரைக்கும் செய்யறதுதான். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் கலெக்டருக்கு வயித்துவலி. என்னைக் கூப்பிடல்லே. நான் குடுத்த மருந்துதான் விஷமாயிடுச்சுன்னு கேட்டைப் பூட்டிட்டார்."

"வயித்துவலின்னா வாந்தி எடுத்தா சரியாயிடாதா?" என்றார் ஞானசிகாமணி. "எங்க வண்டியில எல்லாரும் அப்படித்தான் சரியானாங்க."

"குதிரைக்கு வாந்தியே வராது. உள்ளே போனது மேலே திரும்பி வர்றதுக்கு அதுக்கு வழி கிடையாது. அதனாலதான் மனுசனுக்கு வயித்துவலி வந்தா லீவு போடுவான், குதிரைக்கு வந்தா செத்துப்போகும்." அவள் குரல் இறங்கியது. "இன்னிக்குக் காலையில மதிலுக்கு வெளியே வேன்மேல ஏறி நின்னு பாத்தேன். எழுப்பி நிறுத்தினா முன்னங்கால் ரெண்டையும் மாத்தி மாத்தி வைக்குது. சூடு குளம்புக்கு இறங்குது. இன்னிக்கு இருட்டுறதுக்குள்ள நான் உள்ளே போகணும். இல்லேன்னா அது பிழைச்சாலும் நடக்காது. நடக்காத குதிரையை யாரும் வச்சிருக்க மாட்டாங்க. ரெம்யா டாக்டர் கொன்ன குதிரைன்னு பேரு மட்டும் இருக்கும்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"எதையோ தின்னிருக்கு. என்னன்னு தெரியல்லே. அந்த கேட்டை எப்படியாவது திறந்து குடுங்க."

கலைச்செல்வி செய்தித்தாளை மடித்தாள்.

*

மகாராஜா அவர்களை வாசலிலேயே வரவேற்றார். தன் மாடியில் குடியிருக்கும் துப்பறிவாளர் தன் பக்கம்தான் இருப்பார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், அழுது சிவந்த கண்கள்.

"நல்லாப் பாத்து எழுதிக் குடும்மா. அந்தப் பொம்பளைக்கு லைசன்ஸ் போவணும். ராத்திரி பூரா கலெக்டர் வயித்தைத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு கெடந்தார், பாத்தியளா. எம் மகன்கூட என்னைய அப்படிப் பாத்ததில்ல."

குதிரை லாயத்தில் மின்விசிறி ஓடியது. சுவரில் மாலை போட்ட சாமிப் படம். கலெக்டர் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தார். முதுகின்மேல் பலவண்ணக் கோடு போட்ட பட்டுத்துணி ஒன்று போர்த்தியிருந்தது. அதன் நான்கு மூலைகளும் கசங்கிச் சுருண்டிருந்தன. கல்யாண மாப்பிள்ளை பந்தியிலேயே தூங்கிவிட்டதைப் போன்ற தோற்றம்.

"சாப்பாடு?" என்றாள் கலைச்செல்வி.

"அந்தப் பொம்பளை எழுதிக் குடுத்ததுதான். புல்லு, கொஞ்சம் தவிடு. கொள்ளு கூடாதுன்னா. நான் மொத்த வியாபாரி, எங்கிட்ட மூடை மூடையா கொள்ளு கெடக்கு. ஆனா ஒரு மணி இந்த லாயத்துக்குள்ள வரல்ல. வன்னியராஜ்கிட்ட கேட்டுப் பாருங்க."

வன்னியராஜ் குதிரையைப் பார்த்துக்கொள்பவன். சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், நாற்பது வயது, கேட்பதற்கு முன்பே தலையாட்டும் பழக்கம். மகாராஜா தொலைபேசியில் பேச ஒதுங்கியதும் கலைச்செல்வி அவனிடம் திரும்பினாள்.

"மருந்து குடுத்ததும் என்ன ஆச்சு?"

"வாந்திதான் அக்கா. பச்சை பச்சையா எடுத்துச்சு. நான்தான் வாரிக் கொட்டினேன்."

ஞானசிகாமணி தொண்டையைக் கனைத்தார். "டிக்கெட் எடுத்தேன்னு சொல்லுற ஆளு," என்றார் மெதுவாக.

கலைச்செல்வி லாயத்தைச் சுற்றி நடந்தாள். முன்பக்கம் பெரிய கேட். அதன் தாழ்ப்பாள் துருப்பிடித்து, இழுத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். பின்பக்கம் ஆற்றுச் சந்துக்குப் போகும் சின்னக் கதவு. அதன் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டிருந்தது. தொட்டதும் வழுக்கிக்கொண்டு திறந்தது.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு கொடிக்கயிறு. அதில் வரிசையாகச் சின்னச் சின்னத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா எல்லாம் ஒரே துணியில்.

"என்னப்பா, கலெக்டர் ஆபீசுக்குத் தோரணமா?" என்றார் ஞானசிகாமணி.

"குதிரை தொடைக்கிற கந்தல் அண்ணாச்சி. பழைய சட்டை, பழைய சேலை. வீட்டுல குடுத்தது."

"சட்டைன்னா எங்கேயாவது பொத்தான் ஓட்டை இருக்கணும்," என்றாள் கலைச்செல்வி. "சேலைன்னா ஒண்ணுலயாவது கரை இருக்கணும். எல்லாம் ஒரே அளவு. எல்லாம் பல கலரு. எல்லாத்துலயும் நடுவுல முடிச்சுப் போட்ட சுருக்கம். அந்த வீட்டுல எல்லாரும் கைக்குட்டையிலதான் சட்டை தைக்கிறாங்களா?"

வன்னியராஜ் தலையாட்டினான். ஆமாம் என்றா இல்லை என்றா என்பது அவனுக்கே தெரியவில்லை.

கலைச்செல்வி ஒரு துண்டைக் கொடியிலிருந்து எடுத்துப் பையில் வைத்தாள். "வாங்க கண்டக்டர் சார். சாலைக்கே திரும்பிப் போவோம்."

"அங்கேருந்துதானே இப்போ வந்தோம்?"

"நீங்க வேலை பார்த்ததே அப்படித்தானே."

*

யூசுப் சாலையில் மீட்டர் துணியும் வெட்டுத்துணியும் விற்பவர். துண்டைக் கையில் வாங்கியதும், பேரனைப் பள்ளிக்கூட வரிசையில் அடையாளம் கண்டவர்போல முகம் மலர்ந்தார்.

"இது எனக்க கடைத்துணிதான். நான்தான் கிழிச்சேன். போன வாரம் பூரா இதே வேலை. அக்ரகாரத்து மாமிகள், செக்ரட்டேரியட்டுல வேலை பாக்கிறவங்க, ஐ.டி. பையன்மாரு. எல்லாருக்கும் கைக்குட்டை அளவுல பல கலர் துணி வேணும். கேதுவுக்காம்."

"கேதுவுக்குக் கைக்குட்டை எதுக்கு? ஜலதோஷமா?" என்றார் ஞானசிகாமணி.

"அதுல கொள்ளு முடிஞ்சு குடுக்கணுமாம். யாருக்குக் குடுக்கணும்னு நான் கேக்கல்லே. எனக்குக் கேது நல்ல எடத்துல இருக்கார், அது போதும்."

"யார் சொல்லி வந்தாங்க?"

"கோட்டைக்குள்ள நயினார் சாமி. வேற யாரு சொன்னா ஐ.டி. பையன் கேப்பான்?"

படியிறங்கும்போதே கலைச்செல்வி ஞானசிகாமணியை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க பேர்ல எந்த மதமும் ஒட்டல. நீங்க ஜாதகம் பாக்கப் போறீங்க."

"பிள்ளே, எனக்கு ஞாயித்துக்கிழமை சர்ச்சு. பாஸ்டர் கேட்டா என்ன சொல்ல?"

"வேலைன்னு சொல்லுங்க."

*

ஆறுமுகநயினார் ஜோதிடம் பார்த்த அறை குளிர்சாதனம் போட்டது. வெளியே டோக்கன் எண் எரியும் பலகை. மருத்துவமனையிலாவது எண் வரும்வரை மனிதர்கள் முணுமுணுப்பார்கள். இங்கே யாரும் முணுமுணுக்கவில்லை, கிரகங்கள் கேட்டுவிடும் என்ற பயம். ஞானசிகாமணி உள்ளே போனார். கூடவே அவர் மருமகள் என்ற கணக்கில் கலைச்செல்வியும் போய் மூலையில் உட்கார்ந்தாள்.

"நட்சத்திரம்?" என்றார் ஜோதிடர்.

"அது தெரியாது. பொறந்தது பாறசாலை."

"பிறந்த தேதி?"

ஞானசிகாமணி யோசித்து, தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தேதியைச் சொன்னார். ஜோதிடர் அந்தத் தேதிக்குக் கட்டம் போட்டார். அதன்படி ஞானசிகாமணிக்கு இன்னும் பள்ளிக்கூடம் போகும் வயதுதான். ஜோதிடர் கட்டத்தைப் பார்த்தாரே தவிர எதிரில் இருந்த நரைத்த தலையைப் பார்க்கவில்லை.

"கேது எட்டுல உக்காந்திருக்கான். அதான் எதை எடுத்தாலும் பாதியில நிக்குது."

"நெசந்தான் சாமி. பஸ்சே பாதியில நின்னிருக்கு."

"பல வண்ணத் துணியில ஒரு பிடி கொள்ளு முடிஞ்சு, செவ்வாய்க்கிழமை ஒரு குதிரைக்குக் குடுங்க. கேதுவோட தானியம் அது. குதிரை தின்ன தின்ன தோஷம் குறையும்."

"குதிரைக்கு நான் எங்கே போவேன்? இந்த ஊர்ல ஆனைன்னாக்கூட கோயில்ல பாக்கலாம்."

"கரமனையில ஆத்துச் சந்துல ஒரு சின்னக் கதவு இருக்கு. வன்னியராஜ்னு கேளுங்க. என் பேரைச் சொல்லுங்க. வெள்ளைக் குதிரை, ரொம்ப விசேஷம்."

மூலையிலிருந்து எழுந்து வந்த கலைச்செல்வி, பையிலிருந்த துணித்துண்டை ஜாதகக் கட்டத்தின்மேல் விரித்தாள்.

"அந்த விசேஷம் இப்போ படுத்துக் கெடக்கு சாமி. போன செவ்வாய்க்கிழமை எத்தனை பேரை அனுப்பினீங்க?"

ஆறுமுகநயினார் துணியைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். கதவுக்கு வெளியே டோக்கன் பலகை எரிந்துகொண்டிருந்தது.

"ஆளுக்கு ஒரு பிடிதான் சொன்னேன்," என்றார்.

"ஆளு எத்தனை?"

ஜோதிடர் துணித்துண்டைக் கட்டத்தின்மேலிருந்து மெல்ல நகர்த்தினார்.

"டாக்டர்தான் காரணம்னு மகாராஜா அண்ணாச்சிகிட்ட சொன்னதும் நீங்கதானா?"

"டாக்டர்னு சொல்லல்லை. சக்கரத்துல வர்ற ஒரு பெண்ணாலே நாற்கால் ஜீவனுக்குத் தீங்குன்னு சொன்னேன். பொதுவாச் சொல்றதுதான். எல்லார் வீட்டுலயும் ஒரு பெண்ணு ஸ்கூட்டர்ல வருவா. எதாவது ஒண்ணு பொருந்தும்."

"பொருந்திருச்சு," என்றாள் கலைச்செல்வி. "சாயங்காலம் வரைக்கும் போனை அணைக்காதீங்க. நான் கூப்பிட்டா எடுக்கணும். எடுக்கலேன்னா, உங்க பரிகாரம் ஒரு கலெக்டரைச் சாய்ச்சிடுச்சுன்னு வெளியே டோக்கனோட உக்காந்திருக்கிறவங்ககிட்ட இவர் சொல்லுவார்."

"உரக்கச் சொல்லுவேன்," என்றார் ஞானசிகாமணி. "எனக்குத் தொண்டை பஸ்ல பழகினது."

*

சூரியன் கரமனை ஆற்றுப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே வேன் நின்றது. ரெம்யா பூட்ஸோடு கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று லாயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே மகாராஜா, வன்னியராஜ், கலைச்செல்வி, ஞானசிகாமணி. மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டுத் தலைகள்.

கலைச்செல்வி துணியைக் காட்டினாள், பின்கதவைக் காட்டினாள், ஜோதிடரின் யோசனையைச் சொன்னாள். "ஒவ்வொருத்தரும் தான் மட்டும்தான் ஒரு பிடி குடுத்தோம்னு நினைச்சுட்டுப் போயிருக்காங்க, அண்ணாச்சி. பிடி பிடியா ஒரு ஊரே கொள்ளு குடுத்திருக்கு. குதிரைக்கு வாந்தி வராது. வந்ததுன்னு இவன் சொன்னது பொய். டாக்டர் மருந்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை."

மகாராஜா வன்னியராஜை ஓங்கி அறையப் போனார். ஞானசிகாமணி நடுவில் வந்தார்.

"மொதலாளி, அடிக்காதீங்க. நெசத்தைச் சொல்லிடுதேன்," என்றான் வன்னியராஜ். "அவுகள உள்ள விட்டது நெசம். ஆனா அந்தக் கொள்ளுல ஒரு மணிகூட கலெக்டர் திங்கல. நான் திங்க விடல."

"என்னல சொல்லுத?"

"குதிரைக்கு மூக்குல காட்டுவேன். அது மோந்து பாக்கும். அவுக கண்ணை மூடிக் கும்புடுவாக. மூடின கண்ணு தெறக்கிறதுக்குள்ள நான் சாக்குல கொட்டிருவேன். டாக்டரம்மா கொள்ளு ஆவாதுன்னு சொன்னாவள்ளா. பொறவு அந்தச் சாக்கைக் கொண்டுபோய் வித்துருவேன்."

"எங்கே?"

வன்னியராஜ் தரையைப் பார்த்தான். "நம்ம கடையிலதான். வேற எவன் சில்லறையா வாங்குவான்."

மதிலுக்கு மேலே யாரோ சிரித்தார்கள். மகாராஜா கடையில் மாமிகள் வாங்கிய கொள்ளு, கேதுவுக்குக் காட்டப்பட்டு, கலெக்டர் மோந்து பார்த்து, மறுபடி மகாராஜா கடைக்கே போயிருக்கிறது. அநேகமாக மறுபடி மாமிகளிடமும்.

கலைச்செல்வி கையிலிருந்த துணித்துண்டைப் பார்த்தாள். அவள் காலையிலிருந்து கட்டிய சுவர் அத்தனையும் சரிந்திருந்தது. குற்றவாளி என்று அவள் பிடித்துக் காட்டியவன் ஊரையே ஏமாற்றிக் குதிரையைக் காப்பாற்றியிருக்கிறான்.

"பிள்ளே," என்றார் ஞானசிகாமணி அவள் காதருகே, "நாம ஏறினது தப்பான வண்டின்னு தோணுது."

"அப்போ எதுக்கு வாந்தின்னு பொய் சொன்னே?" என்றாள் கலைச்செல்வி வன்னியராஜிடம். "நீ திருடினதை மறைக்கவா? வாந்தின்னு சொன்னா திருட்டு மறையாதே. மருந்துமேல பழி விழணும், அவ்வளவுதான் அதனால ஆகும். யாரைக் காப்பாத்தினே?"

அவன் தலை இந்தத் தடவை ஆடவில்லை.

அவள் லாயத்துக்குள் பார்த்தாள். கலெக்டரின் முதுகில் அந்தப் பட்டுத்துணி. கைக்குட்டைகளில் இருந்த அதே வண்ணங்கள், அளவு மட்டும் ஒரு ஆளைப் போர்த்தும். முடிச்சு நடுவில் இல்லை, நான்கு மூலைகளும் சேர்த்துக் கட்டப்பட்டுக் கசங்கியிருக்கின்றன. கைக்குட்டையில் ஒரு பிடி முடியலாம். இதில் ஒரு பிடியை முடிந்தால் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

"அண்ணாச்சி," என்றாள். "எல்லார் கையிலேருந்தும் இவன் பிடுங்கிருவான். ஒருத்தர் கையிலேருந்து மட்டும் பிடுங்க முடியாது. நயினார் சாமி உங்களுக்கும் ஜாதகம் பாக்கிறவர்தானே?"

மகாராஜாவின் சந்தனம் வியர்வையில் கரைந்து மூக்குக்கு வந்தது.

"எம் மகனுக்காகச் செஞ்சேன்," என்றார் கடைசியில். "ஊரான் குதிரைக்கா குடுத்தேன்? என் குதிரைக்குக் குடுத்தேன். சில்லறை சனங்க கைக்குட்டையில குடுக்கலாம். நான் குடுத்தா என் தகுதிக்குக் குடுக்காண்டாமா?"

"அப்போ கேட்டைத் திறங்க. டாக்டர் உள்ளே வரட்டும்."

"அது எப்படி? பரிகாரம் சாமி காரியம். சாமி காரியத்துல குதிரை விழாது. மருந்துலதான் விழுந்துது." அவர் குரல் தடித்தது. மதில்மேல் தலைகள் கூடியிருந்தன. அத்தனை தலைகளுக்கு முன்னால் அந்தக் கேட்டைத் திறப்பது என்றால், தன் குதிரையைத் தானே சாய்த்தேன் என்று ஒலிபெருக்கி வைத்துச் சொல்வதற்குச் சமம். "நீங்க எழுதிக் குடுக்கிறதுன்னா அதை எழுதுங்க. இல்லேன்னா மாடியைக் காலி பண்ணுங்க."

கம்பிக்கு அந்தப் பக்கம் ரெம்யா வானத்தைப் பார்த்தாள்.

கலைச்செல்வி தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள். இரண்டாவது மணியிலேயே ஆறுமுகநயினார் எடுத்தார். "சாமி, டாக்டர் வெளியவே நிக்கிறாங்க, அண்ணாச்சி கேட்டைத் திறக்கல. இதுக்கு நிவர்த்தி என்ன?" என்றாள். வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக அவர் யாருக்கும் பலன் சொன்னதில்லை.

"மகாராஜா. சக்கரத்துல வர்ற பெண்ணாலே தோஷம்னு சொன்னேன் அல்லே? இப்போ கணிச்சுப் பாத்தேன். நிவர்த்தியும் அதே பெண்ணாலேதான். சூரியன் மறையறதுக்குள்ளே அவ வலது காலை வச்சு உள்ளே வரணும். தாமதிச்சா எனக்குப் பொறுப்பில்லை."

"சாமி, இதை நேத்தே சொல்லியிருக்கப்படாதா?"

"நேத்து நீங்க நிவர்த்தி கேக்கல்லியே."

மகாராஜா ஓடினார். துருப்பிடித்த தாழ்ப்பாளை இரண்டு கையாலும் இழுத்தார். தெருவே திரும்பிப் பார்த்தது. "வாங்கம்மா, வாங்க. வலது காலு, வலது காலு."

"நான் சொன்ன ஒண்ணும் அந்தத் தாழ்ப்பாளை அசைக்கல," என்றாள் கலைச்செல்வி.

"அது எண்ணெய் போடாத தாழ்ப்பாள் பிள்ளே. உண்மைக்கெல்லாம் வழுக்காது."

ரெம்யா எந்தக் காலை முதலில் வைத்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. அவள் போன வேகத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் போயிருக்கும். கலெக்டரின் ஈறைத் தூக்கிப் பார்த்தாள். விலாவில் காது வைத்துக் கேட்டாள். முன்னங்கால் குளம்புகளை உள்ளங்கையால் மூடி, அடுப்பைத் தொட்டவள்போல எடுத்தாள். மூக்கு வழியாக வயிற்றுக்கு விடும் நீளக் குழாயை வன்னியராஜ் கையில் கொடுத்துவிட்டு மகாராஜாவிடம் திரும்பினாள்.

"எவ்வளவு குடுத்தீங்க?"

"கொஞ்சம்தாம்மா. ஒரு பிடி."

"அண்ணாச்சி, நான் ஜோசியக்காரி இல்லே. கட்டம் போட்டுக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியாது. எவ்வளவு உள்ளே கெடக்குன்னு தெரிஞ்சாத்தான் எவ்வளவு மருந்து, எவ்வளவு தண்ணின்னு நான் முடிவு பண்ண முடியும். வேகவச்சதா, பச்சையா?"

"பச்சை."

"ஊறவச்சதா?"

"இல்ல."

"எவ்வளவு?"

மகாராஜா மதிலைப் பார்த்தார். தலைகள் ஒன்றும் குறையவில்லை. வன்னியராஜைப் பார்த்தார். அவன் குழாயைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நின்றான், முதலாளி சொல்வதைத் தான் கேட்கவில்லை என்று காட்ட அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

"ஒரு படி," என்றார் மகாராஜா.

ரெம்யா காத்திருந்தாள். கலெக்டர் தன் வயிற்றைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மகாராஜாவைப் பார்த்தார்.

"பத்துக் கிலோ," என்றார் மகாராஜா. உரக்கவே சொன்னார், பக்கத்து வீட்டுக்கும் கேட்டது. "கடையில தராசுல நானே நிறுத்தேன். நானே கையால ஊட்டினேன். மடியில முடிச்சை வச்சு, பிள்ளைக்கு ஊட்டுற மாதிரி. அது வேண்டாம்னு ஒரு தடவைகூடச் சொல்லல்லம்மா."

"சொல்லாது," என்றாள் ரெம்யா. "குதிரைக்கு அது தெரியாது. அதுக்குத்தான் நாம."

பிறகு பேச நேரமில்லை. குழாய் இறங்கியது, எண்ணெய் இறங்கியது. குளம்புக்கு ஐஸ் வேண்டும் என்றாள். அக்கம்பக்கத்தில் உடனே கிடைத்த ஐஸ் மீன்காரர் பெட்டியில்தான் இருந்தது. ஞானசிகாமணி இரண்டு பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். மத்தி வாடை லாயத்தை நிறைத்து, சாமிப் படம் வரை போயிற்று. செவ்வாய், வெள்ளி முட்டைகூடத் தொடாத மகாராஜா, பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, மீன் செதில் ஒட்டிய ஐஸை இரண்டு கையாலும் அள்ளிக் கலெக்டரின் கால்களைச் சுற்றி வைத்தார். யாரும் அவரை வைக்கச் சொல்லவில்லை. உருக உருக வைத்துக்கொண்டே இருந்தார்.

விளக்குப் போடும் நேரத்தில் கலெக்டரின் வயிற்றுக்குள் ஏதோ உருண்டது. ரெம்யா காது வைத்துக் கேட்டாள். மறுபடி கேட்டாள். வால் மெல்ல எழுந்தது. இரண்டு நாளாக வராத லத்தி தரையில் விழுந்தது. மதிலுக்கு மேலே கைதட்டினார்கள். ஒரு கலெக்டர் காரியத்துக்கு இந்த ஊரில் இத்தனை உற்சாகமான வரவேற்பு யாரும் பார்த்ததில்லை என்றார் ஞானசிகாமணி.

"பிழைச்சிருமா?" என்றார் மகாராஜா.

"வயிறு பிழைச்சிடுச்சு. காலு தெரிய நாலஞ்சு நாளாகும். நடக்கலாம். நடக்காமலும் போகலாம்." ரெம்யா கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "நீங்க இன்னிக்குச் சொன்னது நேத்தே சொல்லியிருந்தா, நான் இப்போ ‘லாம்’ போட்டுச் சொல்ல வேண்டியிருக்காது."

மகாராஜா எழுந்தார். விறைத்துப்போன விரல்களைத் தேய்த்துக்கொண்டு, வேன் வரை அவள் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போனார். கேட்டருகே நின்றார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வருவிய, டாக்டர்?"

அம்மா என்றும், பொம்பளை என்றும், சக்கரத்தில் வருபவள் என்றும் சொல்லிவந்த வாய் அது.

ரெம்யா வண்டியைக் கிளப்பினாள். "எத்தனை மணிக்கும் வருவேன். நீங்க கேட்டைப் பூட்டாதீங்க, போதும்."